நின்ற இடத்தில் நில்லாத வீடு

காலையில் எழுந்து பல் துலக்குவான், பாலை அடுப்பில் வைப்பான், அது பொங்குவதற்குள் இரவில் நடந்து போன நாற்காலிகளை இழுத்து வந்து அவற்றின் இடத்தில் போடுவான், பிறகு சவரம். மனைவி இறந்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கட்டில் சமையலறை வரை போய்த் திரும்பும். பீரோ கனம் என்பதால் ஒரு சாண்தான் நகரும். கீழ்வீட்டுக்காரர் கொஞ்ச நாள் சண்டைக்கு வந்தார், பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். கணினி மேசையை மட்டும் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தான். அதில் வேலை நடந்துகொண்டிருந்தது.

அவன் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஓர் இயங்குதளத்தை, அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எழுதியவை, கணினியைத் திறந்தவுடன் மனைவியின் பழைய படத்தைக் காட்டி, 'போன வருடம் இதே நாள்' என்றன. தன்னுடையதில் தனக்குத் தெரியாமல் ஓர் எழுத்துகூட அசையக்கூடாது. முதல் வருடம் திரையில் ஒரு புள்ளி வந்தது. அடுத்த வருடம் விசைப்பலகைக்குப் பதில் சொன்னது. பிறகு கூட்டியது, பெருக்கியது, கோப்புகளைச் சேமித்தது. ஆனால் கொடுத்த வேலை முடிந்த நொடியே செயலிழந்து விழுந்து, மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. அது விழாதிருக்க ஓயாமல் வேலை கொடுத்தான். சாப்பிடும்போதும் இடது கை தட்டிக்கொண்டே இருந்தது. அலுவலகம் போவதை விட்டான், போனை எடுப்பதை விட்டான்.

அதனால்தான் மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். வாசலில் செருப்பு ஸ்டாண்ட் அவரைத் தாண்டி வெளியே போனது.

"என்ன மாப்ள, வீடா இது, பஸ் ஸ்டாண்டா?"

ஸ்டூலைத் துரத்திப் பிடித்து உட்கார்ந்து, கணினி விழுந்து எழுவதைப் பார்த்தார்.

"வேலை இல்லன்னா விழுந்துடுமா?"

"ஆமா அத்தை."

"சும்மா இருக்கச் சொல்லிக் குடுக்கலையா நீங்க?"

அவன் கை நின்றது. செய்ய ஒன்றும் இல்லாதபோது கணினி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு நிரல்துண்டு எல்லா இயங்குதளத்திலும் இருக்கும். கல்லூரியில் படித்ததுதான். அதை மட்டும் அவன் எழுதவே இல்லை. இப்போது எழுதினான்: நில், யாராவது கூப்பிட்டால் எழு. திரையில் சிறு கோடு மினுக்கிக்கொண்டு காத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டில் நின்றது.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சாமான்கள் கூப்பிட்டால்தான் வருகின்றன. "ஏய், இங்க வா" என்பார் மாமியார், ஸ்டூல் வரும், உட்கார்ந்து காய் நறுக்குவார். கீழ்வீட்டுக்காரர் பஞ்சை எடுத்துவிட்டார்.

ஒரு நாள் அவனும் ஒரு நாற்காலியைக் கூப்பிட்டு எதிரே உட்கார்ந்தான். மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"கடைசியா அவ என்ன மாப்ள சொன்னா?"

ஆஸ்பத்திரியில் மருந்துக்கடைக்கும் ஸ்கேன் அறைக்குமாக அவன் ஓடிக்கொண்டிருந்த மத்தியானம் அது. அவள் சொன்னதைக் கேட்டும் அவன் உட்காரவில்லை, ரிப்போர்ட் வாங்கப் போனான்.

"'சும்மா அலையாதீங்க, செருப்புதான் தேயும். உக்காருங்க'ன்னா."