பெட்டிக்குள் சுடாத இரும்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் தொடப் பொறுமையில்லை, எல்லாம் கண்ணாலேயே ஆகிவிட வேண்டும் என்பது கிழவரின் தீராத எரிச்சல். ஏட்டுச் சுரைக்காயாவது ஏட்டில் இருந்தது; இவர்களுடையது காற்றில் காய்க்கிறது.

மருமகள் லேத் படிக்கப் போன இடத்தில், கண்ணில் ஒரு பெட்டியை மாட்டி, அதற்குள் தெரிகிற இரும்பைக் கடையச் சொன்னார்கள். அவள் வெறுங்காற்றில் கையைத் திருகுவதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கொசு ஓட்டறியா?" என்றார்.

"சிரிங்க மாமா. சம்பளம் வாங்கிட்டு வந்து பேசிக்கறேன்."

கடைசியில் நிஜ லேத்தில் ஆளுக்கு ஒரு துண்டு கடைய விட்டார்கள். அதையும் மறுநாள் வாத்தியார்தான் அளந்தார்.

மகன் இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அக்கம்பக்கத்தார் தயவில். வேலைக்கு ஆள் கேட்டிருந்த பட்டறையில் இருந்ததோ ஒரே ஒரு இடம். தேர்வன்று கிழவர் வாசலிலேயே நின்றார். மருமகள் நிதானமாகக் கடைந்தாள். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. துணியால் பிடித்து அளந்து பார்த்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள். கிழவருக்கே லேசாக நம்பிக்கை தட்டியது.

பட்டறை மேஸ்திரி துண்டை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"குறையுதேம்மா."

"சரியாத்தான் அளந்தேன் சார்."

"சுடச்சுட அளந்திருக்கே. சூட்டுல இரும்பு உப்பும், ஆறினா சுருங்கும். கூடுதலா இருந்தா சீவிக்கலாம். சீவினதை ஒட்டவா முடியும்?"

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் கிழவர் கேட்டார். "கையில சுட்டுச்சில்ல?"

"சுட்டுச்சு மாமா. அளவு அதுல மாறும்னு தெரியாது. அந்தப் பெட்டிக்குள்ள எதுவும் சுட்டதில்லை."

கூட வந்த வாத்தியார் ஆறுதல் சொன்னார். "அடுத்த தடவை அதுலயே சூட்டையும் வச்சிடுவாங்க பெரியவரே. சூடானா சிவப்பாத் தெரியும்."

"தெரியுமா, சுடுமா?"

"தெரியும்." வாத்தியார் விடவில்லை. "முன்னெல்லாம் இதைக் கத்துக்கறதுக்குள்ள விரல் போனவங்க உண்டு. இப்ப ஒருத்தருக்கும் நகம்கூடப் பெயரல."

கிழவர் மருமகளின் கையைப் பார்த்தார். பத்து விரலும் பத்திரமாகத்தான் இருந்தன. வேலைதான் இல்லை.

"வாம்மா, வீட்டுல அவன் காத்துக்கிட்டிருப்பான்" என்று நடந்தார். சிவப்பாத் தெரியுமாம்.