பொட்டு வைத்த கைப்பை

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: தேசப்பனாகிய நான், என் மனைவி சம்பூர்ணம், என் தம்பி திருமலை, அவன் மனைவி குணசுந்தரி, குணசுந்தரியின் அண்ணன் அப்பாவு, தம்பியின் மகள் இளமதி. பக்கத்து வீட்டு சுமலதா கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கேட்டது கிடைத்த பிறகும் போகவில்லை. ஆகவே அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் கூரியர் கம்பெனியிலிருந்து சரவணகுமார் என்பவர் வந்தார். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாக இன்று சொல்லித் திரிகிறவர்கள் எவரும் நேரில் பார்க்கவில்லை.

கூடத்தின் நடுவே பெஞ்சின் மேல் அந்தக் கைப்பை இருந்தது. பால் நிறத் தோல், பித்தளை நிறத்தில் கொக்கி. விலை நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.

இளமதி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளர். இந்த ஆண்டு கிடைத்த ஊக்கத்தொகையில் பையை வாங்கியிருந்தாள். அவள் சம்பாதித்த பணம்தான். இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கன்றுக்குட்டியின் விலைக்கு மேல் எது வாங்கினாலும், கூடத்தில் வைத்து எல்லோரும் பார்த்து, மூத்தவன் சரி என்று சொன்ன பிறகே அது வீட்டுப் பொருள். டிராக்டர் அப்படித்தான் வந்தது. பிரிட்ஜும் அப்படித்தான் வந்தது. இதைச் சொன்னால் அப்பாவு, "என் தங்கச்சியும் அப்டித்தான் வந்தா" என்பான். அவன் பேச்சை விடுங்கள்.

பையைத் திருப்பிக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் கூரியர்காரரை வரச் சொல்லி வைத்திருந்தாள் இளமதி.

"பெரீப்பா சரின்னா அவர திருப்பி அனுப்பிடலாம். வேணாம்னா பைய அனுப்பிடலாம்" என்றாள்.

சொன்னாளே தவிர, அவள் விரல் பையின் வாரை விட்டு விலகவில்லை. ஒரு வருஷமாகப் போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று குணசுந்தரி சொன்னாள். புகாராகத்தான் சொன்னாள்.

முதலில் பார்வையிட்டவன் அப்பாவு. அவன் சோழவரம் பக்கம் மாட்டுத் தரகு பார்ப்பவன். எதைக் காட்டினாலும் மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான். பையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். பக்கவாட்டில் தட்டினான். ஜிப்பைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "பல்லு நல்லா கீது" என்றான். பிறகு இளமதியிடம் கேட்டான்.

"ஏம்மா, இது பால் கறக்குமா?"

"கறக்காது மாமா."

"செனையா கீதா?"

"மாமா."

"கேக்குறேன்மா. இந்த டப்புக்கு கன்னுக்குட்டியோட ஒரு மாடு புடிச்சினு வந்துடலாம். அதான் கேட்டேன்."

சொல்லிவிட்டுத் தோள் துண்டை எடுத்து இளமதியின் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டான். சந்தையில் தரகர்கள் விலை பேசுவது அப்படித்தான். வாய் திறக்க மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்தே ஆயிரம், நூறு எல்லாம் சொல்லிவிடுவார்கள். அப்பாவு கண்ணை மூடிக்கொண்டு இளமதியின் இரண்டு விரலை அழுத்தினான்.

"இது எவ்ளோ மாமா?"

"ரெண்டாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூபா பெறாது."

"போன்ல வாங்குனதுக்குத் துண்டு போட முடியாது மாமா."

"அப்ப எதுக்குள்ள கைய வுட்டு வெல பேசுன?"

அதற்குள் சம்பூர்ணத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இது தோலா?"

"ஒரிஜினல் தோலு பெரீம்மா."

"தோலுன்னா செருப்பு வுடற எடத்துலதான வெக்கணும். சாமி படத்துக்கு எதுர வெச்சுக்கினு கீறீங்க."

பையை வாசலுக்குக் கொண்டுபோனாள். அங்கே எங்கள் நாய் அதை முகர்ந்தது. நாற்பத்திரண்டாயிரத்தை நாய் முகர்வதா என்று திருமலை உள்ளே எடுத்துவந்தான். சம்பூர்ணம் மறுபடி வெளியே கொண்டுபோனாள். குணசுந்தரி உள்ளே கொண்டுவந்து பிரிட்ஜின் மேல் வைத்தாள். அங்கிருந்தும் சாமி படம் தெரிந்தது. கடைசியில் சாமி படத்துக்குத்தான் திரை போட்டோம்.

திருமலை அதிகம் பேசமாட்டான். மகள் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "தையல் நெருக்கமா கீதுண்ணா. யூரியா மூட்டைக்குக்கூட இப்டி போட மாட்டான்" என்றான். அவனிடமிருந்து வரக்கூடிய பெரிய சிபாரிசு அதுதான்.

"நான் ஒரு தபா மாட்டிப் பாக்கவா?" என்று சுமலதா கேட்டாள். எல்லாம் அங்கேதான் கெட்டது.

ஒரு கையில் கறிவேப்பிலை, மறு தோளில் பை. கூடத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பினாள். நடை மாறிவிட்டது. கலெக்டர் ஆபீசுக்கு ஜீப்பில் வந்து இறங்கியவள் போல வந்தாள். அடுத்து சம்பூர்ணம், தோல் என்று வெளியே வைக்கச் சொன்ன அதே சம்பூர்ணம், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மாட்டினாள். "கனமே இல்லியே" என்று சொல்லிக்கொண்டே போனாள், வந்தாள், மறுபடி போனாள். குணசுந்தரி, "எனக்கு வேணாம், இதெல்லாம் வீண் செலவு" என்று சொல்லியபடியே பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இடது தோளில் மாட்டிப் பார்த்தாள், வலது தோளுக்கு மாற்றினாள், முகத்தைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, திருவள்ளூர் கோர்ட்டுக்குத் தீர்ப்பு சொல்லப் போறியா?" என்றான் அப்பாவு.

"நீ சும்மா கெட."

அவன் சும்மா கிடக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையை முழங்கையில் தொங்கவிட்டு, துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். நாய் அவன் பின்னாலேயே குரைத்துக்கொண்டு போனது. சுமலதா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திருமலைகூடப் பல் தெரியச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பை நல்ல பை" என்றேன். "ஆனா நாலு பேரு பாக்க ஒரு மாட்டோட வெலய தோள்ல தொங்கவுட்டுக்கினு போறது நம்ம குடும்பத்துக்குப் பழக்கம் இல்ல. நம்மள நம்ம முகத்த வெச்சுத் தெரியணும். திருப்பிக் குடுத்துடு."

இளமதி எதிர்த்துப் பேசவில்லை. "சரி பெரீப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு முறை சொன்னதை மறுமுறை மாற்றிச் சொன்னதில்லை. மதகுத் தகராறில் பஞ்சாயத்தே வந்து கேட்டும் மாற்றவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அப்பாவு கழற்றிக் கொடுத்ததும், எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று அவள் தன் கம்பெனிச் சாமான்களை அந்தப் பைக்குள் வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். லேப்டாப், சோற்று டப்பா, பாதுகாப்புக் கண்ணாடி. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் போட்டாள். யாரோ உறவுக்காரர் கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்த பை. "முரளி – புவனேஸ்வரி திருமண விழா, திருநின்றவூர்" என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

"இத்தயா கம்பெனிக்கு எடுத்துனு போற?" என்றான் அப்பாவு.

இளமதி சிரித்துவிட்டாள். "அத ஏன் கேக்குற மாமா. போன மாசம் ஹெட் ஆபீஸ்லேந்து மீட்டிங்குக்கு வந்தாங்க. நான் கதவாண்ட போறேன். புதுசா வந்த ஒருத்தரு பையப் பாத்துட்டு, 'சாப்பாட்ட அங்க வெச்சுட்டு வெளிய ஒக்காரும்மா புவனேஸ்வரி'ன்றாரு. இன்னா சொல்றதுன்னு தெரியாம நானும் போய் ஒக்காந்துனு கீறேன். உள்ள அம்மாம் பேரும் இளமதி எங்க, இளமதி எங்கன்னு தேடிக்கினு கீறாங்க. நான் போனாதான் மீட்டிங்கே தொடங்கணும்."

கூடம் முழுவதும் சிரித்தது. சுமலதாவின் கறிவேப்பிலை தரையெல்லாம் கொட்டியது. "புவனேஸ்வரி, கொஞ்சம் தண்ணி குடு" என்றான் அப்பாவு. மறுபடி சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண் நடத்த வேண்டிய கூட்டம். அவளை வெளியே உட்கார வைத்திருக்கிறான் ஒருவன். முகத்தை வைத்துத்தான் தெரிய வேண்டும் என்று நான் இப்போதுதான் சொல்லி முடித்தேன். முகத்தைப் பார்க்கத் தெரியாதவனும் ஊரில் இருக்கிறான். அவனுக்காகவும் ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் என் சொல் வெளியே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் வந்து நின்றது. சரவணகுமார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே பேசினார். "ரிட்டன் பார்சல் சார். வாங்கும்போது எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கணும். கறை, கீறல் எதுனா இருந்தா நான் எடுக்க முடியாது. போட்டோ புடிச்சு அனுப்பணும்."

நான் சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினேன். "மஞ்சளும் குங்குமமும் எடுத்துனு வா."

"எதுக்குங்க?"

"நம்ம ஊட்லேந்து போற பொருளு வெறும் நெத்தியோட போவக் கூடாது. மாடு வித்தாலும் பொட்டு வெச்சுதான அனுப்புறோம்."

"மாமா, அது பை" என்றாள் குணசுந்தரி என்னிடம் மெதுவாக.

"அதுவும் ஒரு காலத்துல மாடுதானம்மா" என்றான் அப்பாவு.

"பெரீப்பா, அவரு இப்ப இன்னா சொன்னாருன்னா..." என்று தொடங்கிய இளமதி என் முகத்தைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள். பிறகு பையை இரண்டு கையாலும் தூக்கி, நேராக எனக்கு முன்னால் பிடித்தாள்.

மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்தேன். கொக்கிக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். நன்றாக அழுத்தி வைத்தேன். சம்பூர்ணம் யாரும் கேட்காமலே கற்பூரம் கொண்டுவந்தாள். திருமலை எலுமிச்சம்பழம் தேடி ஓடினான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

சரவணகுமார் போனை நீட்டியபடியே நின்றார். "இன்னா சார் இது? இத எடுக்க முடியாது சார்."

"வழக்கம்பா."

"இருக்கட்டும் சார். கம்பெனில என்னைக் கேப்பாங்க. கேன்சல்னு போட்டுடறேன்."

"போட்டுக்க. உங்க கம்பெனி சட்டத்துக்கு நாங்க குறுக்க வர மாட்டோம்."

மோர் குடித்துவிட்டுப் போனார். பைக் சத்தம் தெருமுனை திரும்பியது. பிறகு அப்பாவுதான் முதலில் வெடித்தான். அதற்குப் பிறகு யார் யாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாமே என்றாள் குணசுந்தரி. இளமதி விடவில்லை. மறுநாள் காலை பொட்டு வெளிப்பக்கம் தெரியும்படி மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள்.

தேசப்பனுக்கு வயதாகிவிட்டது, கூரியர்காரர் சொன்னது காதில் விழவில்லை, மாட்டுப் பழக்கத்தில் பொட்டை வைத்துவிட்டு நாற்பத்திரண்டாயிரத்தில் மாட்டிக்கொண்டார் என்று சுமலதா ஊரில் சொல்லி வருகிறாளாம். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் சொல்லி முடித்த பிறகுதான் நான் குங்குமம் கேட்டேன்.