ஓடை தாண்டிய தாலி

அறுபத்தாறாம் வருஷம், கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; குண்டனி நாட்டுப் பெண் இருசாயி ஓடையின் அக்கரையில் மாலையும் கழுத்துமாக நின்றாள். வாழவந்தி நாட்டிலிருந்து தாலியோடு வந்த மாப்பிள்ளை பழனிமுத்து இக்கரையில் நின்றான். விடிய விடியப் பெய்த மழையில் ஓடை கரைபுரண்டு ஓடியது. இன்று தவறினால் தை பிறக்க வேண்டும். அவனுக்கு அத்தனை லீவும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

"தாலி இந்தப் பக்கம் வந்தாப் போதுஞ் சாமி! நாத்தனா கட்டட்டும்!" என்று அக்கரையிலிருந்து ஊர்க்கவுண்டர் கத்தினார். கூறைச் சேலையோடு முந்தின நாளே அக்கரைக்குப் போயிருந்த பழனிமுத்துவின் அக்கா பாவாயி, சரியென்று கையை ஆட்டினாள்.

"எறிஞ்சுரு கண்ணு," என்றார் அவன் பக்கத்தில் நின்ற அப்பா செங்கோடன், ஏதோ மாங்காய் அடிக்கச் சொல்வதுபோல.

பழனிமுத்து ஓடையின் அகலத்தைக் கண்ணால் அளந்தான். மெட்ராஸ் கல்லூரியில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் ஒரு வருஷமாக அவன் செய்த வேலையே பந்து எறிவதுதான். அட்டையில் துளைபோட்டு வேகமும் சாய்வும் கொடுத்தால், பந்து எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று மிஷின் அச்சடித்துத் தள்ளும். அந்த மிஷினுக்குள் ஆயிரக்கணக்கில் எறிந்திருக்கிறான். நிஜக் கல்லைத் தொட்டு எத்தனையோ காலமாயிற்று.

ஒரு கூழாங்கல்லை எறிந்து பார்த்தான். பாதியில் தண்ணீரில் விழுந்தது. விழ எடுத்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு ஈரமண்ணில் குச்சியால் கணக்குப் போட்டான். முன்னே போவது ஒரு கணக்கு, மேலே ஏறி இறங்குவது தனிக் கணக்கு. மிஷின் செய்வதுபோலவே இரண்டையும் சேர்த்துப் புள்ளி புள்ளியாக வைத்தான். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

"மிசினு என்ன சொல்லுது சாமி?"

"அதே வேகந்தானுங்கப்பா. இன்னும் ஒசக்க எறியோணும்."

உயர்த்தி எறிந்த அடுத்த கல் இருசாயியின் காலடியில் விழுந்தது. இரண்டு கரையும் ஆர்ப்பரித்தன. தாலியைக் கல்லோடு மஞ்சள் துணியில் முடிந்து, குலதெய்வத்தைக் கும்பிட்டு, அதே சாய்வில் வீசினான்.

பாதி வழியில் முடிச்சின் வால் அவிழ்ந்து துணி படபடத்தது. காற்று! அவன் கணக்கில் காற்றே கிடையாது. கல்லூரி வாத்தியார், இப்போதைக்கு அதை விட்டுவிடு என்றிருந்தார்; இவனும் விட்டுவிட்டான். மூட்டை வேகம் குறைந்து வெள்ளத்தை நோக்கி இறங்கியது.

இருசாயி மாலையோடு தண்ணீரில் பாய்ந்தாள். இடுப்பளவு வெள்ளத்தில் முந்தானையை விரித்து ஏந்திவிட்டாள். பாவாயி அவளை இழுத்துக் கரையேற்றி, திட்டிக்கொண்டே தாலியைக் கட்டினாள். மேளம் முழங்கியது. இக்கரையில் வெறுங்கையோடு நின்றபடி கல்யாணமாகிப்போன பழனிமுத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

சாயங்காலம் வெள்ளம் வடிந்ததும் ஓடையைக் கடந்து போய் அவளிடம் முதலில் அதைத்தான் கேட்டான்: "அது உன்ற கிட்ட வந்து சேராதுன்னு எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் இருசாயி. "வந்துரும்னு நீங்க நின்னீங்க. எனக்குத்தான் நிக்க முடியலீங்க."