ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே

என் புரோஸ்டேட் ஸ்கேனைக் கெடுத்தது மெஷின் அல்ல. நான்தான். நானும் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயும்.

ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு எண் ஏறியிருந்தது. கேன்சரா இல்லையா என்று பார்க்க எம்ஆர்ஐ எழுதினார்கள். “முந்தின நாள் லேசா சாப்பிடுங்க, காலையில வயித்தைக் காலி பண்ணிட்டு வாங்க” என்று சொல்லியும் அனுப்பினார்கள். நான் பிரியாணியைத் துறந்தேன். புரோட்டாவைத் துறந்தேன். பெரிய தியாகி என்ற நினைப்பில் சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் என் தையல் கடையில் உட்கார்ந்து, கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலையை ஒரு பொட்டலம் முழுக்கக் கொறித்தேன். எண்ணெய் இல்லை, கறி இல்லை. இதைவிட லேசாக என்ன இருக்கிறது?

ஸ்கேன் எடுத்த லக்ஷனாவுக்கு என் மகள் வயது. பாதியில் நிறுத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அங்கிள், நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“சும்மா கொஞ்சம் கடலைம்மா.”

“அதான். குடல்ல ஒரே காத்து. புரோஸ்டேட் அதை ஒட்டித்தான் இருக்கு. படம் கோணிப்போச்சு. வேற நாள் எடுக்கலாம் லா.”

“கேன்சர் இருக்காம்மா?”

“டாக்டர் சொல்வார் அங்கிள்.”

வெளியே, ஸ்கேனுக்காக நான் கழற்றிக் கொடுத்த வெள்ளி மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த என் மனைவி ஹலீமாவிடம், மெஷின் ரிப்பேர் என்றேன். சட்டைப் பையிலிருந்த காலிப் பொட்டலம் வேறு கதை சொன்னது.

“உயிர் பயத்துல நான் தூங்கல. நீங்க கடலை தின்னீங்களா?”

“கேன்சரா இருந்தா என்ன பண்ணுவே?”

“அல்லாஹ் பார்த்துப்பான். நடங்க.”

அடுத்த ஸ்கேனுக்கு முந்தின நாள் வெறும் அரிசிக் கஞ்சி. எனக்கு ஒரு கிண்ணம், அவளுக்கு ஒரு கிண்ணம்.

“உனக்கு எதுக்கு?”

“தனியா குடிச்சா மறுபடி கடைக்கு ஓடுவீங்க.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் லக்ஷனா குடல் காலியாக மருந்து கொடுத்தாள். குடல் அசையாமலிருக்க ஊசி போட்டாள். நீங்களும் அசையக்கூடாது என்றாள். அளவெடுக்கும்போது ஊரையே ‘ஆடாம நில்லுங்க’ என்று அதட்டியவனுக்கு அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். முதல் படத்தைப் பார்த்துவிட்டு அவள் மைக்கில் சொன்னாள்:

“சூப்பர் அங்கிள்! மூச்சை மட்டும் விடுங்க, வேற எதையும் விடாதீங்க.”

முடிவு கேட்கப் போன அன்று ஹலீமா என் மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் போட்டிருந்தாள். முதல் ஸ்கேன் அன்று வாங்கியதைத் திருப்பித் தரவேயில்லை. டாக்டர் சுஜீந்திரன் திரையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

“இந்தத் தடவை படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. தரம் பிரமாதம். எல்லாமே தெளிவா...”

“படம் நல்லா இருக்கட்டும் டாக்டர்,” என்றாள் ஹலீமா. “என் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?”

மேசைக்கு அடியில் அவள் கை என் கையைத் தேடி வந்தது. மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போட்டுவிட்டு, விரலை விடாமல் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை.

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“கேன்சர் மாதிரிதான் தெரியுது, ஆன்ட்டி. சின்னது. போன தடவை காத்து இந்த இடத்தையே மறைச்சிருந்துச்சு. வெளியே பரவின மாதிரி தெரியல. ஊசி வச்சுத் துளி சதை எடுத்து உறுதி பண்ணுவோம். அதுவாவே இருந்தாலும், இந்த அளவுல குணப்படுத்தலாம்.”