நீர்ப்பூதத்தின் குறட்டை

லுபோர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் கடைசியாக எழுதிய இசையை ஊர் இசைக்குழு ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டது. வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலாவை வாசிப்பவர்கள் வரிசையில், கடைசி நாற்காலியில் அவன் மனைவி யார்மிலா உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவன் எழுதுவான், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரதி எடுப்பது அவள் வேலை. இந்த முறை அதை ஆஸ்பத்திரியில், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில், மடியில் பலகை வைத்துச் செய்தாள். அன்றிலிருந்து ஓர் அலுப்பு, தூங்கினாலும் போகவில்லை.

அந்த இசை சொல்லும் கதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆற்றடியில் வாழும் நீர்ப்பூதம், மூழ்கிச் செத்தவர்களின் உயிரைக் கோப்பைக்குள் போட்டு மூடி வைக்கும். அதனிடம் வேலைக்குப் போன பெண், அது தூங்கும் நேரம் பார்த்து ஒரு மூடியைத் திறந்துவிடுகிறாள். உயிர் குமிழியாக மேலே போய்விடுகிறது.

மூடி திறக்கும் இடத்துக்கு நிஜப் பீங்கான் கோப்பையே வேண்டும் என்று லுபோர் குறித்திருந்தான். யார்மிலா சமையலறைச் சர்க்கரைக் கோப்பையைக் கழுவி, தாள வாத்தியக்காரர்களில் ஒருவரான கிழவர் வாவ்ராவிடம் கொடுத்தாள். மூடியை எடுத்தால் விளிம்பில் உரசி 'கிணிங்' என்று ஒரு சத்தம் வரும். கடைசிப் பகுதியில் அவருக்கு அது ஒன்றுதான் வேலை. அதற்கு எண்பத்து நான்கு தாளக் கட்டங்கள் சும்மா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒத்திகையில் வயலின்கள் தேய்ந்து தேய்ந்து நின்றன. ஒரு கட்டம் முழுக்க அமைதி. அந்த அமைதியின் நடுவே 'கிணிங்' என்றது. அடுத்த கணம் டிராம்போன்களும் பெருமுரசும் சேர்ந்து அதிர்ந்தன.

குழுவை நடத்தும் ஹினெக் குச்சியைத் தாழ்த்தினான். ப்ர்னோ நகரத்திலிருந்து வந்தவன், முப்பத்து நான்கு வயது. "வாவ்ரா சார், ஒரு கட்டம் முந்திட்டீங்களே."

"எண்பத்து மூணுன்னு எழுதியிருக்கு, மேஸ்ட்ரோ. எண்பத்து மூணு எண்ணினேன். நான் தப்பா எண்ணுறது எம் பொண்டாட்டி வயசை மட்டும்தான்."

சிரித்தார்கள். யார்மிலா சிரிக்கவில்லை. பிரதி எடுக்கும்போது, பக்கம் திருப்பிய இடத்தில், நர்ஸ் வெப்பமானியோடு வந்தாள். எழுந்து வழிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தபோது ஒரு கட்டத்தை விட்டிருக்க வேண்டும்.

"என் தப்புதான். எண்பத்து நாலு. அந்தப் பெரிய சத்தத்தோட சேர்ந்து வரணும்," என்றாள்.

ஹினெக் லுபோர் எழுதிய மூலத்தைப் புரட்டிப் பார்த்தான். "ஆமா. ஆனா அதுல வந்தா யாருக்குக் கேக்கும்? இப்ப வந்தது எப்படி இருந்துச்சு பாத்தீங்களா? எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இப்படியே இருக்கட்டும் யார்மிலாம்மா. அவர் இருந்தா அவரே மாத்தியிருப்பார்."

பக்கத்து நாற்காலி க்வேத்தா அவள் காதோடு, "விடேண்டி. லுபோர் எழுதினதுல ஒண்ணாவது ஜனங்க காதுல விழட்டும்," என்றாள்.

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. தலையாட்டினால் போதும், ஆறு மணி பஸ் கிடைத்துவிடும். ஆனால் லுபோர் குறட்டைக்காரன். அவன் தூங்கிய பிறகு பால்கனியில் போய் ஒரு சிகரெட் குடிப்பது அவள் வழக்கம். அந்தக் கதவு கிறீச்சிடும். குறட்டை உரக்க வரும்போது திறக்க வேண்டும். மூச்சு நிற்கும் இடைவெளியில் திறந்தால் விழித்துக்கொள்வான். பல வருடம் பழகிய கணக்கு. ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னபோது அவன் நெஞ்சு வலிக்கச் சிரித்தான். மறுநாள்தான் அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதினான்.

"அந்தப் பெரிய சத்தம்தான் பூதத்தோட குறட்டை. அதுக்கு முன்னால அமைதியில அது மூச்சை இழுத்து நிறுத்தியிருக்கு," என்றாள். "அப்போ மூடியைத் திறந்தா அது முழிச்சுக்கும், மேஸ்ட்ரோ. அந்த உயிர் வெளிய போகாது."

 டிராம்போன்காரர் ஒருவர் குழாயிலிருந்து எச்சில் நீரை வடித்தார். ஹினெக் குச்சியால் காலில் தட்டிக்கொண்டான். "கேக்க வந்து உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தானே நாம வாசிக்கிறோம், பூதத்துக்கா?" என்றான். குரலில் கடுமை இல்லை. "நான் சொன்ன மாதிரியே போகட்டும். அடுத்தது."

அவள் வயோலாவை மறுபடி தோளில் வைத்துக்கொண்டாள். ஒத்திகை முடிந்ததும் வாவ்ரா சர்க்கரைக் கோப்பையைத் தன் காலுறை ஒன்றில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

ஞாயிறு மதியம் அரங்கில் முக்கால்வாசி ஆட்கள் இருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து பலருக்குக் கண் சொக்கியது. யார்மிலா வாசித்தாள். கை தானாகப் போயிற்று. வயலின்கள் தேய்ந்து நின்றன. வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

அமைதி. அதில் ஒரு சத்தமும் வரவில்லை. ஹினெக்கின் இடது கை வாவ்ராவை நோக்கி நீண்டு அப்படியே நின்றது.

பிறகு குறட்டை இடித்தது. தரை அதிர்ந்தது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வாவ்ரா இரண்டு விரலால் மூடியைப் பிடித்து மேலே தூக்கியிருந்தார். கோப்பை திறந்திருந்தது. அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கைதட்டல் முடிந்ததும் ஹினெக் மேடைக்குப் பின்னால் வேர்வையோடு வந்தான். "என்ன சார் இது, கடைசியில அந்தக் கோப்பை யாருக்குமே கேக்கலையே."

வாவ்ரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கேக்கலையா? அப்போ சரியாத்தான் வாசிச்சிருக்கேன்."

கோப்பையையும் மூடியையும் தனித்தனியாக யார்மிலாவிடம் நீட்டினார். அவள் கோப்பையை ஒரு கோட்டுப் பைக்குள்ளும் மூடியை மற்றொன்றிலும் போட்டுக்கொண்டு, வயோலாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.