மாப்பிள்ளை சொன்ன மதிப்பு

என் வீட்டுக்காரருக்கு டிவியில் கல் நகை விற்கும் வேலை. கோட் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் நிற்பார். ஒரு நெக்லஸைத் தூக்கிப் பிடித்து, "இதோட மதிப்பு தொண்ணூறாயிரம்! இன்னைக்கு, உங்களுக்கு மட்டும், ஒன்பதாயிரம்!" என்பார். தொண்ணூறாயிரம் கொடுத்து அதை வாங்கியவர் இந்தப் பூமியில் கிடையாது. திரையில் குறுக்கே கோடு போட்டு அடிப்பதற்கென்றே பிறந்த தொகை அது. "இன்னும் ஏழே ஏழு செட்" என்பதையும் பக்கத்து அறையில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே குறைத்துக்கொண்டிருப்பார். "வாங்கினேன், அப்படியே ஜொலிக்குது" என்று போனில் உருகும் வாடிக்கையாளர் வேறு யாருமில்லை, இவருக்கு மேக்கப் போடும் பெண்தான்.

"மதிப்புங்கிறது விலை இல்ல. அது ஒரு உணர்வு" என்று எனக்கு விளக்கம் சொல்வார். அந்த உணர்வில்தான் வீட்டு வாடகை கட்டுகிறோம் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இது எதுவும் தெரியாத ஆள் என் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அக்கா குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்ததும், இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் அவளுடைய தங்கச் சங்கிலி. சின்ன வயதில் அவள் மடியில் படுத்து, அதை விரலால் உருட்டிக்கொண்டேதான் நான் தூங்குவேன். இன்னொன்றில் ஒரு பச்சைக் கல் நெக்லஸ். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. போன மாதம் இவர் டிவியில் தூக்கிப் பிடித்த அதே நெக்லஸ்.

"உங்க யாருக்கும் சொல்லாம நானே போன் பண்ணி வாங்கினேன்" என்றாள் அம்மா பெருமையாக. "மாப்பிள்ளை வாயால சொன்னது, தொண்ணூறாயிரம். சங்கிலியும் கிட்டத்தட்ட அவ்ளோ வரும்னு கடையில சொன்னாங்க. ரெண்டு பொண்ணுக்கும் சரிசமம். சங்கிலி பெரியவளுக்கு. மாப்பிள்ளை வித்த நெக்லஸ் சின்னவளுக்கு. பொருத்தமா இல்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் புருஷன் மானம் போகும்; சொல்லாவிட்டால் சங்கிலி போகும். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அவர் வினை என்னையல்லவா சுடுகிறது!

அக்கா புருஷன், அதாவது அத்தான், வங்கியில் அடகுக்கு வரும் நகைகளை உரசிப் பார்த்து மதிப்புப் போடுகிறவர். நெக்லஸைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்த வேகத்தில் மறைந்தது.

"அருமையான கல்லு, அத்தை. சின்னவளே எடுத்துக்கட்டும். நாங்க சங்கிலியோட திருப்திப்பட்டுக்கிறோம்."

என்ன ஒரு தியாகம்!

மேஜைக்கடியில் என் வீட்டுக்காரர் காலை ஓங்கி மிதித்தேன். பேசித் தொலையுங்கள் என்று அர்த்தம். பேசவும் செய்தார். ஆனால் அந்த மனுஷனுக்கு ஏற்றிப் பேசத்தானே தெரியும்? இறக்கிப் பேச வராதே! நெக்லஸைத் தூக்கிப் பிடித்தார். குரல் டிவிக் குரலாக மாறியது.

"அண்ணி, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. இந்தப் பச்சை உங்க நிறத்துக்குன்னே வந்த பச்சை! சங்கிலி எல்லார் கழுத்துலயும் கிடக்குது. இது எத்தனை பேர்கிட்ட இருக்கும்? ஏழே ஏழு! அதுலயும் ஆறு போயிடுச்சு!"

அக்கா தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "கண்ணாடி எங்கம்மா இருக்கு?" என்றாள். சங்கிலி டப்பா மெல்ல என் பக்கம் நகர்ந்தது. நகர்த்தியது நான்தான்.

"அம்மா, எனக்கு நெக்லஸே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அத்தானுக்கு வியர்த்துவிட்டது. "ஏய், விடுடி அதை! கண்ணாடியை உருக்கி ஒட்டவச்ச கல்லு! அடகு வச்சா ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடத் தேறாது!" என்று கத்தியேவிட்டார்.

அம்மா முதலில் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் நெக்லஸை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் முன்னாடி அருமையான கல்லுன்னீங்களே, மாப்பிள்ளை?"

"அது வந்து... சின்னவ மனசு நோகக் கூடாதேன்னு..."

"நல்லா இருக்கு. ஒருத்தர் டிவியில சொல்றார், இன்னொருத்தர் வீட்லயே சொல்றார்." என் முன்னால் இருந்த டப்பாவையும் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சங்கிலியை எடுத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். "நான் போனப்புறம் அடிச்சுக்குங்க."

தலையைக் குனிந்தபோதுதான் என் விரல் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் இவர் ஆசையாகப் போட்டுவிட்ட நீலக்கல் மோதிரம்.

"அப்ப இது?" என்றேன்.

"ஐயோ, அது உண்மையான கல்லும்மா! கடைக்குப் போய், தவணை கட்டி வாங்கினேன்!"

"பில் இருக்கா?"

"உனக்கு ஆசையா வாங்கின மோதிரத்துக்கு யாராவது பில்லைப் பத்திரப்படுத்துவாங்களா?"

கழற்றி அத்தானிடம் நீட்டினேன். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, சாவகாசமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கல்லு. ஒரிஜினல்."

"அருமையான கல்லுன்னு சொன்னதும் இதே வாய்தானே" என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மதிப்பும் வரவில்லை, ஏழே ஏழும் வரவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. இத்தனை வருஷம் டிவியில் பார்த்தும் அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு குண்டூசிகூட விற்க முடியாது. பார்த்த கணமே நம்பிவிட்டேன்.

அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் போய், மோதிரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி அப்படியே நின்று தவிக்கிறார். தவிக்கட்டும்.