கீபோர்டு வாசித்த கை

பால்ராஜ் அமலம்மாளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தபோது, அவள் தன் மனைவி என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"யாரு நீ? என் வீட்டுல என்னா திருடுறே?"

மகன் நாதன் ஓடிவந்து விரல்களைப் பிரித்தான். பால்ராஜ் மேசை விசிறியைத் தூக்கி அவன் மேல் எறிந்தார். அவன் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. லாரி ஓட்டிய கைகள்; எழுபது வயதிலும் பலம் குறையவில்லை.

மறதிநோய்க்கு மாத்திரைகள் எழுதிக்கொடுத்த டாக்டர் காமினி இன்னொன்றும் சொன்னார்.

"ஏதாச்சும் வாத்தியம் கத்துக்கொடுங்க ஆன்ட்டி. கண்ணு, காது, விரல் எல்லாம் ஒண்ணா வேலை செஞ்சா மூளைக்கு நல்லது. நோய் போயிடாது. ஆனா சிலருக்குக் கவனம் கூடும், ஆத்திரம் அடங்கும்."

நாதன் கீபோர்டு வாங்கிவந்தான். தேவாலயத்தில் பாட்டுக்கு வாசிப்பவள் அமலம்மாள். அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். விரல் தப்பினால் பால்ராஜ் கீபோர்டைக் குத்துவார். ஒருமுறை அவள் முழங்கையைக் கடித்துவிட்டார். மருந்து தடவிக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தாள்.

மாதங்கள் போயின. இரண்டு கைகளாலும் ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கை ஓங்குவது நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்.

"ஒன் முன்பல்லு ரெண்டும் பொய்ப்பல்லுதானே? நான்தானே ஸ்பானரால ஒடைச்சேன்?"

"ஆமா."

"அப்போ வனேசா வயித்துல இருந்தா."

"ஆமா."

அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததேயில்லை. அடுத்த சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

"நீ எதுத்துப் பேசினே லா. அதான்," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

அவள் எழுந்துபோய்த் துணிகளைப் பையில் அடைத்தாள்.

"அப்பா நோயாளிம்மா," என்றான் நாதன்.

"தெரியும்டா. யாருன்னு தெரியாம நெரிச்சாரு, பொறுத்துக்கிட்டேன். இப்போ தெரிஞ்சே சொல்றாரு. காரை எடு."

பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் மகள் வனேசாவின் வீட்டுக்குப் போகும்வரை அவள் அழவில்லை. வாசலில் மகளைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

நாதன் அப்பாவை முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தான். அங்கே தினமும் வாசிக்கிறார், யாரையும் அடிப்பதில்லை.

"அம்மா எப்போ வருவான்னு கேக்குறாரும்மா," என்று நாதன் போனில் சொன்னான்.

"வரமாட்டேன்னு சொல்லு," என்றாள் அமலம்மாள். "மறந்துட்டாருன்னா, மறுபடியும் சொல்லு."